வெளுத்ததெல்லாம் நோயல்ல

டிஸ்கஸ் மீன் நிறம் மாறினால் மருந்து பாட்டிலைத் தேடுகிறார்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் தண்ணீரை. சில சமயம் கடையை.

மும்பையிலிருந்து வரும் பழைய நெடுஞ்சாலை முளா ஆற்றைக் கடந்ததும் வருவது போபோடி. கட்கி ராணுவக் குடியிருப்பை ஒட்டிய இந்தப் புனே பகுதியில் டிசம்பர், ஜனவரி பின்னிரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. ஊரே கம்பளிக்குள் சுருண்டுகிடக்கும் அந்த நேரத்தில், வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை 28 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவருக்கு மட்டும் உண்டு. இவ்வளவு பாடுபட்ட பிறகும் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏமாற்றம். கடையில் செக்கச்செவேலென்று ஜொலித்த மீன், வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அடுப்புக்கரி பூசியதுபோல் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. அல்லது இரண்டு மாதத்தில் சாயம் போன சேலையாக வெளுத்துவிடுகிறது.

பதறுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தட்டுப் போன்ற உருவமும் நிதானமான நடையும் கொண்ட டிஸ்கஸை, மீன் தொட்டிகளின் ராஜா என்பார்கள். ராஜாவுக்கு ஏற்ற விலை. குஞ்சுக்கே நூற்றுக்கணக்கில், நன்கு வளர்ந்து நிறம் ஏறிய ஜோடிக்குப் பல ஆயிரம் ரூபாய். அந்த விலையில் பெரும்பகுதி நிறத்துக்குக் கொடுத்தது. எனவே நிறம் போனால் பணமும் போனதாகத்தான் தோன்றும். உடனே கடைக்காரர் தரும் நீல மருந்து, மஞ்சள் மருந்து, அதுவும் பலிக்காவிட்டால் மனிதர்களுக்கான மாத்திரை என்று தொட்டி ஒரு சிறு மருத்துவமனையாகிவிடுகிறது. நோயே இல்லாத மீனை வைத்தியமே கொன்றுவிடுவதும் உண்டு.

உண்மையில் டிஸ்கஸின் நிறம் பூசிய வண்ணம் அல்ல. ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒரு ஏற்பாடு. நிமிடங்களில் நடக்கும் மாற்றம் உண்டு, வாரங்களில் நடப்பது உண்டு. விற்றவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்காதவரை மருந்துக் கடைக்குத்தான் லாபம்.

டிஸ்கஸின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோஹான் நட்டரர் பிரேசிலில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு, 1840ல் யோஹான் ஹெக்கல் இதற்கு ‘சிம்ஃபைசோடான்’ என்று அறிவியல் பெயர் வைத்தார். அங்கே ரியோ நெக்ரோ போன்ற கிளை ஆறுகளின் தண்ணீர், உதிர்ந்த இலைகள் ஊறி, காபி டிகாஷனை நீர்த்துவிட்ட நிறத்தில் இருக்கும். அமிலத்தன்மை அதிகம், கரைந்த உப்புகள் மிகக் குறைவு. ஆற்றில் விழுந்துகிடக்கும் மரக்கிளைகளுக்கும் வேர்களுக்கும் இடையே கூட்டமாக ஒதுங்கி வாழ்வது டிஸ்கஸின் வழக்கம். உடலில் மேலிருந்து கீழாக ஓடும் ஒன்பது கறுப்புப் பட்டைகள், கிளைகளின் நிழலோடு நிழலாக அதை மறைத்துவிடும். தேவைப்பட்டால் பட்டை கறுக்க வேண்டும், தேவையில்லாதபோது மறைய வேண்டும். மறைந்து பிழைப்பதற்காக ஏற்பட்ட இந்த வித்தையைத்தான், எப்போதும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கி வந்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோம்.

வித்தையின் சூத்திரம் தோலில் இருக்கிறது. நட்சத்திர வடிவில் கிளை விட்ட நிற அணுக்கள் மீனின் தோலில் அடுக்கடுக்காக உள்ளன. கறுப்புக்கு ஒரு வகை, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு வகை. கறுப்பு அணுவுக்குள் மெலனின் துகள்கள், தண்டவாளம் போன்ற நுண் இழைகள் மீது அங்குமிங்கும் ஓடுகின்றன. துகள்கள் அணு முழுக்கப் பரவினால் தோல் கறுக்கும். நடுவில் குவிந்தால் வெளுக்கும். நிறமி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே மை; பரப்பி வைத்திருக்கிறதா, சுருட்டி வைத்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

துகள்களை ஓட்டுவது நரம்பும் ஹார்மோனும். தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்னதற்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், இளம் வயதில் ஆராய்ந்தது மீன்களின் நிற மாற்றத்தை. ஐரோப்பிய ஓடைகளில் வாழும் ஒரு சிறு மீனின் நரம்புப் பாதையைத் துண்டித்தால், அந்த நரம்பு ஆளும் தோல் பகுதி கறுத்துவிடுகிறது என்பதை 1911ல் அவர் காட்டினார். வெளுத்துக் காட்டும்படி மூளை தொடர்ந்து கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது, கட்டளை நின்றால் தோல் கறுக்கிறது என்பது இதன் பொருள். சில டிஸ்கஸ்களுக்கு உடலின் ஒரு பகுதி மட்டும் தீட்டினாற்போல் கறுத்து நிற்கும். தோல் நோய் என்று மருந்து தடவுகிறார்கள். அடிபட்ட நரம்பு காரணமாக இருக்கலாம். பார்வை போன மீனும் பொதுவாகக் கறுத்துவிடும். சுற்றுப்புறம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று தோலுக்குச் சொல்வது கண்தான்.

நிமிடக் கணக்கில் நடக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த நரம்பு வேலை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் சட்டென்று போட்டால் ஒன்பது பட்டைகளும் தெளிவாகத் தெரியும்; அரை மணியில் மறையும். புது இடம், வலை போட்டது, கண்ணாடியைத் தட்டும் குழந்தை, எல்லாவற்றுக்கும் இதே பதில். கூட்டத்துக்குள் அதிகாரப் போட்டியும் உண்டு. பெரிய மீனிடம் குத்துப்பட்டு ஒதுக்கப்பட்டது கறுத்துப்போய் மூலையில் நிற்கும். அதற்கு மருந்தால் பயனில்லை. கூடுதலாகச் சில மீன்களை விட்டால் அடி பங்கிடப்பட்டு அது தேறிவிடும். இரண்டு மூன்று டிஸ்கஸ் மட்டும் வளர்ப்பவர்கள்தான் இந்தத் தொல்லையில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் டிஸ்கஸ் கறுப்பதில் மிகப் பெரிய விஷயம் வேறு. முட்டையிட்டுக் காக்கும் ஜோடி திடீரென்று மங்கி, கறுக்கத் தொடங்கும். அனுபவமில்லாதவர் நோய் என்று நினைத்து மருந்து போடுவார். அல்லது ஜோடியைப் பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார். சில நாட்களில் குஞ்சுகள் அத்தனையும் செத்து மிதக்கும். டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் உணவு, தாய் தந்தை இருவரின் தோலிலும் சுரக்கும் கோழைதான். நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் பெற்றோரின் பக்கவாட்டில் மொய்த்துக்கொண்டு அதைக் கொத்தித் தின்னும். ஒன்று களைத்தால் மற்றொன்றிடம் உதறிவிடும். பாலூட்டிகளின் காரியத்தை மீன் செய்கிறது என்று 1959ல் அமெரிக்க விஞ்ஞானி ஹில்டமன் இதை விவரித்து எழுதியபோது பலருக்கும் வியப்பு. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. அதாவது பால்குடி மறக்கச் செய்கின்றன.

பெற்றோரின் கறுப்பு இங்கேதான் உதவுகிறது. பிறந்த குஞ்சு இருண்ட பொருளை நாடிச் செல்லும். கறுத்த பெற்றோரே அதற்குக் கலங்கரை விளக்கம்.

இந்த ஏற்பாட்டை மனிதன் கலைத்த கதை தாய்லாந்தில் தொடங்குகிறது. கிட்டி பனைத்தி என்ற பண்ணையாளர் உருவாக்கிய ‘பிஜன் பிளட்’ என்ற புது ரகம் 1991 வாக்கில் சிங்கப்பூர் கண்காட்சி மூலம் உலகத்துக்கு அறிமுகமானது. கறுப்புப் பட்டைகளே இல்லாமல், வெண்மஞ்சள் உடலில் சிவப்பு ஆரஞ்சுக் கோலங்கள். சந்தை கிறங்கிப்போனது. இன்று விற்கும் பட்டையில்லாத சிவப்பு, மஞ்சள் ரகங்கள் பலவற்றில் அதன் ரத்தம் ஓடுகிறது. ஆனால் பட்டைகளை அழித்ததில் பண்ணைக்காரருக்குத் தலைவலியும் சேர்ந்தே வந்தது. இந்த ரகப் பெற்றோரால் சரியாகக் கறுக்க முடிவதில்லை. குஞ்சுகள் அவற்றை விட்டுவிட்டு, தொட்டியில் இருண்டு தெரியும் பஞ்சு ஃபில்டரைச் சுற்றி மொய்த்துப் பட்டினி கிடந்து சாகின்றன. கறுக்கத் தெரிந்த வேறு ரகத் துணையோடு ஜோடி சேர்ப்பது, தொட்டியில் இருண்ட பொருள் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று சமாளிக்கிறார்கள்.

வாங்குபவருக்கும் இந்த ரகம் ஒரு வேடிக்கை காட்டும். கடையில் களங்கமில்லாமல் இருந்த பிஜன் பிளட், வீட்டுக்கு வந்த சில வாரங்களில் மிளகுத்தூள் தூவியதுபோல் முகத்திலும் துடுப்பிலும் கறும்புள்ளிகளைக் காட்டும். கடையில் தொட்டியின் பின்புறம் வெள்ளை அல்லது இளநீலம். வீட்டிலோ அழகுக்காகக் கறுப்புக் காகிதம், கறுப்புக் கூழாங்கல். பின்னணி இருண்டால் மீன் தன்னை இருட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் இருண்ட இடத்தில் இருந்தால் துகள்கள் பரவுவதோடு நிற்காமல், கறுப்பு அணுக்களின் எண்ணிக்கையே கூடிவிடும். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் சம்னர் என்ற விலங்கியலாளர் முப்பதுகளில் இதைச் சோதித்தார். கறுப்புத் தொட்டியிலும் வெள்ளைத் தொட்டியிலும் பழக்கிய சிறு மீன்களைக் கலந்து பெங்குவின்களுக்கு விட்டபோது, பின்னணியோடு ஒத்துப்போகாத மீன்களே அதிகம் இரையாயின. மிளகுத்தூள் பிரச்சினைக்கு மருந்து, பின்புறக் காகிதத்தை மாற்றுவதுதான். பலன் தெரிய சில வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவே.

சிவப்பு மங்குவது வேறு கணக்கு. சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகள். மீனால் இவற்றைத் தானாக உற்பத்தி செய்ய முடியாது. உணவில் வந்தால் உண்டு. பூநாரைகள் விலங்குக் காட்சிசாலைக்கு வந்து வெளுத்துப்போனதும், பண்ணை சால்மன் மீனுக்கு ‘அஸ்டாக்சாந்தின்’ கலந்த தீனி போடுவதும் இதனால்தான். டிஸ்கஸுக்கு நம் ஊர்களில் மாட்டு இதயத்தை அரைத்துக் கொடுப்பது வழக்கம். அதில் புரதம் உண்டு, நிறமி இல்லை. இறால், இறால் ஓடு, ஸ்பைருலினா பாசி, குடைமிளகாய்த் தூள் என்று சேர்க்கும்போது சிவப்பு திரும்புகிறது. நீலம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. டிஸ்கஸின் நீலத்தில் நீல நிறமியே கிடையாது; தோலுக்குள் அடுக்கிய குவானின் படிகங்களில் ஒளி பட்டுச் சிதறி உண்டாகும் தோற்றம் அது. ஆகவே ‘நீலத்தைக் கூட்டும் தீனி’ என்று யாராவது விற்றால், பாக்கெட்டில் இருப்பது நம்பிக்கை மட்டுமே.

இவ்வளவும் நோயில்லாத நிற மாற்றம். நோயும் உண்டு, கறுப்புதான் அதன் முதல் அறிவிப்பு. தண்ணீர் கெடும்போது முதலில் மனு கொடுப்பது டிஸ்கஸ். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷமாக நிற்கலாம். புதுத் தொட்டியில் அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை விட்டவர்களே அதிகம். குழாய்த் தண்ணீரின் குளோரின் இன்னொரு எதிரி. ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்த ‘ஹைப்போ’ உப்பு குளோரினை முறிக்கப் பயன்பட்டது. இப்போது அதே சோடியம் தயோசல்பேட் அழகிய பாட்டிலில் அதிக விலைக்குக் கிடைக்கிறது.

கறுத்த மீன் சாப்பிட மறுத்து, வெள்ளை நூல் போலக் கழிவை இழுத்துக்கொண்டு திரிந்தால், குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கினால் செவுள் புழு. எண்பதுகளில் ‘டிஸ்கஸ் பிளேக்’ என்று பெயர் பெற்ற கொள்ளைநோய், கறுப்பும் கோழையுமாகப் பல நாட்டுத் தொட்டிகளைக் காலி செய்தது. மருந்து தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அதற்கு முன்னால் தெர்மாமீட்டரையும் அமோனியா சோதனைக் குப்பியையும் பார்த்துவிடுவது மலிவு. தண்ணீரில் பாதியை மாற்றிய மறுநாளே நிறம் திரும்பிய மீனுக்கு எந்த நோயும் இருக்கவில்லை.

புனே போன்ற ஊர்களில் பாதிப் பிரச்சினை பயணத்தில் ஒட்டிக்கொண்டு வருவது. இந்தியக் கடைகளில் விற்கும் டிஸ்கஸ்களில் ஒரு பகுதி தாய்லாந்து, மலேசியாவிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி உள்ளூர்த் தயாரிப்பு. சென்னையின் வடமேற்கில் இருக்கும் கொளத்தூர் அதில் முக்கியமானது. நாட்டின் மிகப் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று அது. தெருவுக்குத் தெரு மொத்த விற்பனைக் கடைகள், வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டிகள். டிஸ்கஸ் குஞ்சு பொரிக்க மென்மையான தண்ணீர் வேண்டும் என்பதால், சென்னையின் கடினமான ஆழ்குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டுகிறார்கள். சென்னை வெயில் இந்த மீனுக்கு ஒத்துப்போகிறது. அங்கே ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹீட்டர் பெயரளவுக்குத்தான்.

அங்கிருந்து மீன் ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையில், தெர்மோகோல் பெட்டிக்குள் ரயிலேறுகிறது. புனேக்கு ஏறக்குறைய ஒரு நாள் பயணம். பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் அமிலமாகிறது. அதனால் அமோனியா அதிகம் தீங்கு செய்யாமல் அடங்கிக் கிடக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அமிலத்தன்மை குறைந்து, அடங்கிக்கிடந்த அமோனியா விஷமாக விழித்துக்கொள்கிறது. பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கும் ‘பக்குவம்’ இங்கே கெடுதலாகிறது. பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, மீனை மட்டும் சட்டென்று தொட்டிக்கு மாற்றி, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது உத்தமம். கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் புனே மாநகராட்சித் தண்ணீர், எரிமலைப் பாறை நிலத்து மழைநீர் என்பதால் சென்னை ஆழ்குழாய் நீரைவிட மென்மையானது, டிஸ்கஸுக்கு நல்லதுதான். குழாய் வறண்டு லாரித் தண்ணீர் வரும் கோடையில் இந்தச் சாதகம் போய்விடும். குளிர்காலத்தில் இரண்டு மணி நேர மின்வெட்டு போதும், மீன் கரியாகிவிட. தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மோகோல் பலகை ஒட்டுவது அழகில்லைதான். ஆனால் வேலை செய்கிறது.

இனி, மீன் மீது பழி போட முடியாத வகை. டிஸ்கஸ் குஞ்சு முதல் சில மாதங்களுக்குப் பழுப்பு நிறத்தில் சாதாரணமாக இருக்கும். சிவப்பு முழுதாக ஏற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். அதுவரை தீனி, மின்சாரம், தினசரித் தண்ணீர் மாற்றம் எல்லாம் பண்ணையாளர் செலவு. நிறமில்லாத குஞ்சுக்கு வியாபாரி தரும் விலையோ அற்பம். ஆகவே குறுக்கு வழி ஒன்று இந்த வியாபாரத்தில் உலகெங்கும் புழங்குகிறது: மெதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன். தீனியிலோ தண்ணீரிலோ கலந்தால், தீப்பெட்டி அளவுக் குஞ்சு வளர்ந்த மீனின் வண்ணத்தோடு மின்னும். வாங்கிச் சென்ற சில வாரங்களிலோ மாதங்களிலோ ஹார்மோன் வடிந்து, குஞ்சு தன் வயதுக்குரிய பழுப்புக்குத் திரும்பும். நிறம் ‘போய்விட்டது’ என்று வாங்கியவர் நினைக்கிறார். இல்லாதது எங்கே போகும்? இதைவிட மோசம், அந்த மீன் பின்னாளில் சரியாக வளராமலும் முட்டைக்கு உதவாமலும் போகக்கூடும்.

கண்ணைப் பறிக்கும் கடை விளக்கும் இதே வகையில் சேர்த்தி. இளஞ்சிவப்பு ஒளி தரும் குழல் விளக்கின் கீழ் எந்தச் சிவப்பு மீனும் இரண்டு மடங்கு சிவக்கும். நம் ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் கண்ணாடி மீனுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஒளி ஊடுருவும் அதன் உடலில் ஊசியால் பச்சை, ஆரஞ்சுச் சாயம் ஏற்றி ‘பெயிண்டட்’ என்று உலகச் சந்தையில் விற்றார்கள். தொண்ணூறுகளில் பிரிட்டனில் ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகை அதற்கு எதிராக இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இந்த வியாபாரத்தை நெறிப்படுத்த, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 மே மாதம் மீன் தொட்டிக் கடைகளுக்கான விதிகளை அறிவித்தது. 158 வகை மீன்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை என்று வந்ததும், கொளத்தூரிலிருந்து கொல்கத்தா வரை எதிர்ப்பு கிளம்பியது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பை மறந்து எழுதப்பட்ட விதிகள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டிலேயே விதிகள் திரும்பப் பெறப்பட்டன. தடைப் பட்டியலைக் காட்டிலும், விற்கும் மீனுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று எழுதித் தரும் ஒரு துண்டுச் சீட்டு வாங்குபவருக்கு அதிகம் பயன்பட்டிருக்கும். ஹார்மோன் தொடாமல் ஒரு வருடம் காத்திருக்கும் பண்ணையாளருக்கும் அதுவே பாதுகாப்பு. இப்போது அவருடைய மீனும் குறுக்கு வழி மீனும் ஒரே விளக்கின் கீழ், ஒரே விலைக்குப் போட்டியிடுகின்றன.

விவரம் தெரிந்தவர்கள் கடைக்குப் போனால் முதலில் கேட்பது தொட்டி விளக்கை அணைக்கச் சொல்லித்தான். பிறகு ஒரு பிடி தீனி போடச் சொல்லி, எது முதலில் ஓடிவருகிறது என்று பார்ப்பார்கள். மூன்று அங்குலம்கூட எட்டாத குஞ்சு, பெரிய மீனின் வண்ணத்தில் மின்னினால் அதை விட்டுவிடுவார்கள். கண் தெளிவாக, பசியோடு இருக்கும் மங்கிய பழுப்புக் குஞ்சு அவர்கள் தேர்வு. அது தன் நிறத்தைக் காட்ட இன்னும் எட்டு, பத்து மாதம் ஆகும். அப்படிக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பதால், விலையும் பாதிதான்.